சித்திரக் குள்ளர்கள் எதைச் சாப்பிடுவார்கள்?

மலைக்குள் சுரங்கம் குடைந்து வாழும் ஒரு கூட்டம். உயரம் நம் மார்பளவே; ஆனால் தோள்களோ பாறைபோல் உறுதியானவை. நெஞ்சு வரை நீண்ட தாடி, கையில் சுத்தியல், நிலவறையில் பெட்டி பெட்டியாகப் பொன். சித்திரக் குள்ளர்கள் என்றதும் நம் மனக்கண்முன் வரும் படம் இதுதான்.

இது முழுக்க முழுக்கக் கற்பனை. கற்பனைக்குள் அறிவியலுக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். இன்று கதை எழுதுவோரும், திரைப்படம் எடுப்போரும், கணினி விளையாட்டு அமைப்போரும் புதிய உலகங்களைப் படைக்கிறார்கள். அவர்களுள் திறமையானவர்கள் ஒரு விதியைப் பின்பற்றுகிறார்கள். ஒரே ஒரு பொய்யை மட்டும் ஒப்புக்கொள். அதன் பிறகு எல்லாம் இயற்கை விதிப்படி நடக்கட்டும் என்பதே அந்த விதி. நாமும் அப்படிச் செய்து பார்ப்போம். 'மனிதரைப் போன்ற, ஆனால் உயரம் குறைந்த ஓர் இனம் மலைக்குள் வாழ்கிறது' என்பது நம்முடைய ஒரே பொய். இனி அவர்களுடைய உடல் எப்படி இருக்கும், ஊர் எப்படி இருக்கும் என்பதை இயற்பியலும் வேதியியலும் உயிரியலும் சொல்லட்டும்.

பனிநாட்டுக் கொல்லர்கள்

சித்திரக் குள்ளர்களின் பூர்வீகம் வட ஐரோப்பா. 13ஆம் நூற்றாண்டில் ஐஸ்லாந்து நாட்டவரான ஸ்நோரி ஸ்டுர்லுசன் எழுதி வைத்த பழங்கதைகளில் இவர்கள் கைதேர்ந்த கொல்லர்களாக வருகிறார்கள். இடியின் தெய்வமான தோரின் சுத்தியலைச் செய்தவர்கள் இவர்களே. ஜெர்மனியில் கிரிம் சகோதரர்கள் 1812இல் வெளியிட்ட தொகுப்பில், ஸ்னோ ஒயிட்டுக்கு அடைக்கலம் தந்த ஏழு குள்ளர்களும் மலையில் தாது வெட்டுபவர்கள்தாம். 1937இல் டோல்கீன் என்ற ஆங்கிலப் பேராசிரியர் எழுதிய 'ஹாபிட்' நாவல் இவர்களை உலகெங்கும் கொண்டு சென்றது.

வேதியியல் பாடத்திலும் இவர்களுடைய உறவினர் இருவர் ஒளிந்திருக்கிறார்கள். ஜெர்மானியச் சுரங்கங்களில் வெள்ளித் தாது போலத் தோன்றிய ஒரு கல், உருக்கினால் வெள்ளி தராமல் ஆர்செனிக் நச்சுப் புகையைத் தந்தது. 'இது கோபோல்டு என்ற சுரங்கப் பூதத்தின் வேலை' என்றார்கள் தொழிலாளர்கள். அந்தக் கல்லிலிருந்து 1730களில் ஸ்வீடனில் கேயோர்க் பிராண்ட் கண்டறிந்த உலோகம்தான் கோபால்ட். அதுபோலவே, செம்புத் தாது என்று நம்பி ஏமாந்தவர்கள் வேறொரு கல்லைக் 'குட்டிச்சாத்தான் செம்பு' என்ற பொருளில் குப்பர்நிக்கல் என்று வைதார்கள். 1751இல் குரோன்ஸ்டெட் அதிலிருந்து பிரித்தெடுத்தது நிக்கல். ஆக, பூதக் கதைகளுக்கு அடியில் சுரங்கத் தொழிலாளர்களின் உண்மையான அனுபவம் இருக்கிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

உயரம் முக்கால், எடை எவ்வளவு?

160 செ.மீ. உயரமும் 60 கிலோ எடையும் உள்ள ஒரு மனிதரை எடுத்துக்கொள்வோம். நம் குள்ளரின் உயரம் 120 செ.மீ., அதாவது முக்கால் பங்கு. எடையும் முக்கால் பங்கு, 45 கிலோ, என்று சொல்லிவிடலாமா? கூடாது.

உயரம், அகலம், கனம் மூன்றும் ஒரே விகிதத்தில் குறைந்தால், கன அளவு முக்காலின் மும்மடிப் பெருக்கமாக, அதாவது 27/64 ஆகக் குறையும். எடை சுமார் 25 கிலோதான். அது ஒரு சிறுவனின் எடை. தசையின் வலிமையோ அதன் குறுக்குவெட்டுப் பரப்பைப் பொறுத்தது. அது முக்காலின் வர்க்கமாக, 9/16 ஆகக் குறையும். ஆக இந்தக் குள்ளரின் வலிமை நம்முடையதில் பாதியைவிடச் சற்றே அதிகம். பாறையை உடைக்க இது போதாது.

பரப்பு வர்க்கமாகவும் கன அளவு மும்மடியாகவும் மாறும் இந்த உண்மையை 1638இலேயே கலிலியோ விளக்கினார். 1926இல் ஜே. பி. எஸ். ஹால்டேன் என்ற உயிரியல் அறிஞர் இதே கருத்தைக் கொண்டு, கதைகளில் வரும் அரக்கர்கள் நடந்தால் தொடை எலும்பு முறிந்துவிடும் என்று காட்டினார். இந்த ஹால்டேன் பின்னாளில் இந்தியாவில் குடியேறி இந்தியக் குடிமகனாகவே வாழ்ந்து 1964இல் புவனேசுவரத்தில் மறைந்தவர்.

அப்படியானால் கதைகளில் வரும் கட்டுமஸ்தான குள்ளர் சாத்தியமே இல்லையா? உண்டு, வடிவத்தை மாற்ற வேண்டும். உயரத்தை முக்காலாக்கி, அகலத்தையும் கனத்தையும் 1.2 மடங்கு ஆக்குவோம். குறுக்குவெட்டுப் பரப்பு 1.2 × 1.2 = 1.44 மடங்கு. எடை 60 × 0.75 × 1.44, அதாவது ஏறக்குறைய 65 கிலோ. நம் மார்புக்கு எட்டும் உயரமே உள்ள இவர் நம்மைவிட எடை மிக்கவர்; நம்மைப்போல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு வலிமை உள்ளவர். கதை சொல்லிகள் கணக்குப் போடாமலேயே இந்த வடிவத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள்!

சுத்தியலின் கணக்கு

இவருடைய கை நம் கையில் முக்கால் நீளம். நாம் வீசும் அதே கோண வேகத்தில் சுத்தியலை வீசினால், அதன் தலை நம் சுத்தியலின் வேகத்தில் முக்கால் பங்கு வேகத்தில்தான் இறங்கும். இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது அல்லவா? எனவே ஆற்றல் 9/16 ஆகிவிடும். நஷ்டத்தை ஈடுகட்டச் சுத்தியலின் நிறையை 16/9 மடங்கு ஆக்க வேண்டும். நாம் 4 கிலோ சுத்தியல் பிடித்தால் அவர் 7 கிலோ சுத்தியல் பிடிக்க வேண்டும். பிடி குட்டை, தலை கனம். பழங்கதையில் தோரின் சுத்தியலுக்குப் பிடி குட்டையாக அமைந்துவிட்டது. துருத்தி ஊதியவரின் இமையில் ஓர் ஈ கடித்து வேலையைக் கெடுத்தது என்று கதை காரணம் சொல்கிறது. நம் கணக்குப்படி பார்த்தால், தாழ்ந்த சுரங்கப் பாதையில் வேலை செய்யும் குட்டைக் கைக்கு அதுதான் சரியான கருவி.

உண்மையில் வாழ்ந்த குள்ள இனம்

இந்தோனேசியாவின் புளோரஸ் தீவில் உள்ள லியாங் புவா குகையில் 2003இல் வயது வந்த ஒரு பெண்ணின் எலும்புக்கூடு கிடைத்தது. உயரம் ஏறக்குறைய 106 செ.மீ. மூளை நம்முடையதில் மூன்றில் ஒரு பங்கு. அருகில் கற்கருவிகள். இது நம் இனம் அன்று; ஹோமோ புளோரேசியென்சிஸ் என்னும் தனி மனித இனம். அந்த இனத்தவரின் சுவடுகள் சுமார் 50,000 ஆண்டுகளுக்கு முன்பு மறைகின்றன. அதே தீவில் குட்டை யானையினம் ஒன்றும் இருந்தது. தீவில் உணவு குறைவு. பெரிய உடலுக்குத் தீனி போட முடியாது. பல தலைமுறைகளில் சிறிய உடல்களே நிலைத்தன என்பது பல அறிஞர்கள் தரும் விளக்கம்.

நம் குள்ளர்களின் மலையும் ஒரு தீவு போன்றதே. அவர்கள் குட்டையானதற்குத் தாழ்ந்த சுரங்கப் பாதைகளைவிட உணவுப் பற்றாக்குறையே பொருத்தமான காரணமாகத் தோன்றுகிறது.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். நம்மிடையே உயரம் குறைந்த மனிதர்கள் வாழ்கிறார்கள். அவர்களில் பலருக்குக் காரணம் அகான்ட்ரோபிளேசியா என்ற எலும்பு வளர்ச்சி நிலை. எஃப்ஜிஎஃப்ஆர்3 என்ற ஒரு மரபணுவில் ஏற்படும் சிறு மாற்றமே இதற்குக் காரணம் என்று 1994இல் கண்டறிந்தார்கள். இவ்வாறு பிறக்கும் குழந்தைகளில் பெரும்பாலோருடைய பெற்றோர் இயல்பான உயரம் உள்ளவர்களே. அறிவாற்றலுக்கும் இதற்கும் தொடர்பில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இவர்களுடைய உரிமைகளைப் பாதுகாக்கிறது. நாம் படைக்கும் கதை இனம் வேறு. நம் வகுப்பிலும் தெருவிலும் வாழும் இந்த மனிதர்கள் வேறு. கதையின் பெயரால் அவர்களைக் கேலி செய்வது அறிவும் அன்று, பண்பும் அன்று.

மலைக்குள் குளிரா, வெப்பமா?

மலையில் சில பத்து மீட்டர் உள்ளே போனால் கோடையும் குளிர்காலமும் தெரியாது. அந்த ஊரின் ஆண்டுச் சராசரி வெப்பநிலையே எப்போதும் இருக்கும். ஆஸ்திரியாவின் ஹால்ஷ்டாட் உப்புச் சுரங்கத்தில் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 8 டிகிரி செல்சியஸ்தான். அங்கே நம் குள்ளரின் உடல் மிகப் பொருத்தம். ஏன்? பருமன் கூடி உயரம் குறைந்ததால், உடலின் மேற்பரப்பு நம்முடையதில் சுமார் 0.9 பங்கு, எடையோ 1.08 மடங்கு. ஒரு கிலோ உடலுக்கு உள்ள தோலின் பரப்பு நம்மைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. வெப்பம் எளிதில் வெளியேறாது.

ஆனால் ஆழம் கூடக் கூட நிலைமை தலைகீழாகும். பூமிக்குள் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் பாறையின் வெப்பநிலை பொதுவாக 25 முதல் 30 டிகிரி வரை உயர்கிறது. இடத்துக்கு இடம் இது மாறும். ஒரு கிலோமீட்டர் ஆழத்தில் 35 டிகிரி ஆகிவிட்டது. தமிழ்த் தொழிலாளர்கள் பெருமளவில் உழைத்த கோலார் தங்கச் சுரங்கம் 2001இல் மூடப்பட்டது. அது 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் சென்றது. அடித்தளத்தில் பாறையின் வெப்பநிலை 60 டிகிரியைத் தாண்டியது. தென் ஆப்பிரிக்காவின் ம்போனெங் தங்கச் சுரங்கத்தில் பனிக்கட்டிக் குழம்பை உள்ளே செலுத்திக் காற்றைக் குளிர்விக்கிறார்கள்.

உழைக்கும் உடல் 400 வாட் வெப்பத்தை வெளிவிடுவதாக வைத்துக்கொள்வோம். அதை வியர்வை மட்டுமே அகற்ற வேண்டுமானால் மணிக்கு சுமார் 600 கிராம் வியர்வை ஆவியாக வேண்டும். ஈரப்பதம் நிறைந்த சுரங்கத்தில் வியர்வை ஆவியாகாது, வழிந்து விழும். வெப்பத்தைப் பூட்டி வைக்கும் பருத்த உடல் அங்கே எமனாகும். எனவே நம் குள்ளர்கள் மலையின் குளிர்ந்த மேல் அடுக்குகளில்தான் குடியிருப்பார்கள். ஆழத்தில் குறுகிய நேரமே வேலை. பாதாளத்தில் அரண்மனை கட்டும் கதாசிரியர், குளிர்சாதனத்துக்கும் வழி சொல்ல வேண்டும்!

மூச்சும் தூசியும்

உலையை உள்ளே வைக்கலாமா? ஒரு கிலோ கரி எரிய 2.67 கிலோ ஆக்சிஜன் வேண்டும். அதன் கன அளவு 2 கன மீட்டர். அதற்கு ஏறக்குறைய 10 கன மீட்டர் காற்று தேவை. ஒரு மனிதர் மூன்று நாட்களுக்கு மேல் உயிர்வாழப் போதுமான ஆக்சிஜனை ஒரு கிலோ கரி விழுங்கிவிடுகிறது. போதாததற்கு நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு வேறு. ஆகவே உலைகள் மலைவாயிலில் இருக்கும். அல்லது மலையுச்சி வரை புகைபோக்கி இருக்கும். கீழே ஒரு வாயில், மேலே ஒரு வாயில் வைத்தால், குளிர்காலத்தில் உள்ளிருக்கும் வெப்பக் காற்று மேலே ஏறும்; புதுக்காற்று கீழே நுழையும். கோடையில் ஓட்டம் திசை மாறும். இந்தக் காற்று வழிகளைக் காப்பவருக்கு அந்த ஊரில் அரசனுக்கு நிகரான மதிப்பு இருக்கும்.

மூச்சைப் பற்றி உயிரியலும் ஒரு வழி காட்டுகிறது. ஆப்பிரிக்காவில் மண்ணுக்கடியில் கூட்டமாக வாழும் மயிரற்ற துன்னெலி, ஆக்சிஜனே இல்லாமல் 18 நிமிடம் தாக்குப்பிடித்ததை 2017இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். சுண்டெலி அளவே உள்ள அது 30 ஆண்டுகளுக்கு மேல் வாழக்கூடியது. சுண்டெலியோ மூன்று நான்கு ஆண்டுகளில் முடிந்துபோகும். கதைக் குள்ளர்களின் நீண்ட ஆயுளுக்கு இதைவிட நல்ல முன்மாதிரி கிடைக்காது.

தூசிதான் பெரிய ஆபத்து. பாறையை உடைக்கும்போது எழும் நுண்ணிய சிலிக்கா துகள்கள் நுரையீரலின் அடிவரை சென்று அதைத் தழும்பாக்கிவிடுகின்றன. இதுவே சிலிக்கோசிஸ் நோய். நீண்ட தாடி இதை வடிகட்டாது. சுரங்கத் தொழில் பற்றி 1556இல் வெளியான தம் பெருநூலில் அக்ரிகோலா ஒரு செய்தி தருகிறார். கார்பேத்தியன் மலைச் சுரங்கங்களில் கணவன்மார் இந்த நோயால் அடுத்தடுத்து இறந்துபோக, ஏழு முறை மணம் செய்துகொண்ட பெண்கள் இருந்தார்களாம். பொன் குவித்த குள்ளர்கள் கதையில் வந்தார்கள். அந்தப் பொன்னை வெட்டியவர்களின் மனைவிமார் வரலாற்றில் இப்படி வாழ்ந்தார்கள். கல்குவாரிகளிலும் கல் அறுக்கும் தொழிலிலும் இந்த நோய் இன்றும் உண்டு. தண்ணீர் தெளித்துக்கொண்டே துளையிட்டால் தூசி பெருமளவு அடங்கும். நம் குள்ளர்கள் புத்திசாலிகளானால் ஒவ்வொரு பாறை முகத்துக்கும் ஒரு நீரோடையைத் திருப்பி விடுவார்கள்.

இருளும் எலும்பும்

முற்றிலும் இருளிலேயே பல்லாயிரம் தலைமுறை வாழ்ந்தால் கண்கள் நிலைக்கா. மெக்சிகோவின் குகை மீன்கள் கண்ணையும் நிறத்தையும் இழந்துவிட்டன. குள்ளர்களுக்குக் கண் இருக்கிறது என்றால் அவர்கள் அடிக்கடி வெளியே வருகிறார்கள் என்று பொருள். வெளியே வராவிட்டால் இன்னொரு தொல்லையும் உண்டு. சூரியனின் புறஊதாக் கதிர் தோலில் படாவிட்டால் வைட்டமின் டி குறையும். குழந்தைகளின் கால் எலும்புகள் வளையும். எனவே குழந்தைகளை நாள்தோறும் மலைச்சரிவுக்கு அழைத்துவந்து வெயில் காட்டுவது அவர்களுடைய சடங்காக இருக்கலாம்.

பேச்சுக்கும் ஒரு வசதி உண்டு. காற்றில் ஒலி நொடிக்கு சுமார் 340 மீட்டர் செல்கிறது. கருங்கல்லில் சுமார் 5,000 மீட்டர். ஆகவே பாறையில் தட்டிப் பேசும் ஒரு மொழி அவர்களிடம் வளர்ந்திருக்கும். இங்கிலாந்தின் கார்ன்வால் சுரங்கத் தொழிலாளர்கள், பாறைக்குள் குட்டி மனிதர்கள் தட்டுவதாக நம்பினார்கள். சரியப்போகும் பாறையும் மரத் தூண்களும் எழுப்பும் ஓசையே அந்த நம்பிக்கைக்கு அடிப்படையாக இருந்திருக்கலாம்.

சோறு எங்கிருந்து வரும்?

இனி நம் தலைப்புக்கு வருவோம். கடுமையாக உழைக்கும் ஒருவருக்கு நாள் ஒன்றுக்கு 3,000 கிலோகலோரி உணவு வேண்டும் என்று கொள்வோம். குள்ளர்கள் ஆயிரம் பேர் என்றால் 30 லட்சம் கிலோகலோரி.

'குகையில் காளான் வளர்த்துச் சாப்பிடுவார்கள்' என்று பல கதைகள் சொல்கின்றன. ஒரு கிலோ காளானில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். கிடைப்பது சுமார் 300 கிலோகலோரி. ஒவ்வொரு குள்ளரும் தினம் 10 கிலோ காளான் தின்ன வேண்டும்! அது மட்டுமா? காளான் தன் உணவைத் தானே ஆக்குவதில்லை. மக்கிய வைக்கோல், மரம், சாணம் இவற்றை உண்டே அது வளர்கிறது. வைக்கோலையும் மரத்தையும் ஆக்கியது சூரிய ஒளி.

சூரியனே தேவைப்படாத உயிர்க்கூட்டம் உண்டா? உண்டு. ருமேனியாவில் 1986இல் கண்டுபிடிக்கப்பட்ட மோவிலே குகையில், ஹைட்ரஜன் சல்ஃபைடு போன்ற வேதிப்பொருள்களிலிருந்து ஆற்றல் பெறும் பாக்டீரியாக்களே உணவுச் சங்கிலியின் தொடக்கம். ஆனால் அதை நம்பி வாழ்பவை சிலந்தி, அட்டை போன்ற சிற்றுயிர்கள். 65 கிலோ எடையுள்ள ஆயிரம் பேருக்கு அந்த விருந்து காணாது.

எனவே தானியம்தான் வேண்டும். ஒரு கிலோ தானியம் ஏறக்குறைய 3,500 கிலோகலோரி தரும். ஆயிரம் பேருக்கு நாளொன்றுக்கு சுமார் 860 கிலோ. ஆண்டுக்கு சுமார் 313 டன். பழங்கால வயலில் ஹெக்டேருக்கு ஒரு டன் விளைந்தது என்று வைத்தால், 313 ஹெக்டேர், அதாவது மூன்று சதுர கிலோமீட்டருக்கு மேல் வெயில் படும் நிலம் தேவை. உலைக்கரிக்கும் இதே கதைதான். ஒரு கிலோ கரி எடுக்கப் பழைய முறையில் 5 முதல் 7 கிலோ விறகு போகும். அவர்களுடைய உணவும் கோடரியும் மலைக்கு வெளியே விழும் சூரிய ஒளியிலிருந்தே வருகின்றன.

இதிலிருந்து அவர்களுடைய வாழ்க்கை முறை முழுவதும் விரிகிறது. ஒன்று, மலைச்சரிவில் படிக்கட்டு வயல் அமைக்க வேண்டும். அல்லது சமவெளி உழவர்களிடம் உலோகம் கொடுத்துத் தானியம் வாங்க வேண்டும். பெட்டி நிறையப் பொன் சேர்ப்பது வெறும் பேராசை அன்று. விளைச்சல் பொய்க்கும் ஆண்டுக்கான சேமிப்பு. ஆனால் பஞ்ச காலத்தில் உழவர் விற்க மறுத்தால் பொன்னைக் கடித்துத் தின்ன முடியாது. ஆகவே பொற்கிடங்கின் காவலரைவிடத் தானியக் கிடங்கின் காவலரே அங்கு பெரியவர். கொடுத்த வாக்கை மீறாதிருத்தல், கடனை மறவாதிருத்தல் ஆகியவை அவர்களுடைய தலையாய அறங்களாக இருக்கும். அவற்றை இழந்தால் சோறு வராது.

இது வெறும் ஊகம் அன்று. முன்னே சொன்ன ஹால்ஷ்டாட்டில் மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மனிதர்கள் மலைக்குள் உப்பு வெட்டினார்கள். 1846 முதல் அங்கே தோண்டப்பட்ட கல்லறைகளில், மிகத் தொலைவிலிருந்து வந்த அம்பரும் யானைத் தந்தமும் கிடைத்தன. விளைநிலம் அருகிய மலைப்பள்ளத்தில் உப்பே அவர்களுக்குச் செல்வமும் சோறும் தந்தது. உப்பு கெடாமல் காத்த அவர்களுடைய மலத்தை 2021இல் ஆராய்ந்து வெளியிட்டார்கள். சுமார் 2,700 ஆண்டுகளுக்கு முந்தைய மாதிரியில் நீலப் பாலாடைக் கட்டியை ஆக்கும் பூஞ்சையும், பீர் புளிக்க வைக்கும் ஈஸ்ட்டும் இருந்தன. பாலாடைக் கட்டிக்குப் பசுவும் புல்லும், பீருக்குப் பார்லி வயலும் வேண்டும். இருட்டில் உழைத்தவர்கள் உண்டது வெயிலில் விளைந்ததைத்தான்.

நீங்கள் ஒரு கற்பனை உலகம் படைக்க விரும்பினால், முதலில் வரைபடமும் வாள்சண்டையும் வேண்டாம். 'இவர்கள் இன்று எதைச் சாப்பிட்டார்கள்? அதை யார் விளைவித்தார்கள்?' என்று கேட்டு விடை எழுதுங்கள். பாதிக் கதை அதிலேயே கிடைத்துவிடும்.

நீங்களே கணக்கிடுங்கள்

1. நம் 160 செ.மீ. மனிதரின் அதே வடிவில் 320 செ.மீ. உயர அரக்கன் இருந்தால் அவன் எடை என்ன? அவன் கால் எலும்பின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் நம்மைப்போல் எத்தனை மடங்கு சுமை தாங்க வேண்டும்?

2. குள்ளர் உலையில் நாள்தோறும் 20 கிலோ கரி எரிகிறது. எத்தனை கன மீட்டர் காற்று வேண்டும்?

3. டோல்கீனின் கதையில் குள்ளர்களில் பெண்கள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இல்லை. சரியாக மூன்றில் ஒரு பங்கு என்று கொண்டால், மக்கள்தொகை குறையாமலிருக்க ஒவ்வொரு பெண்ணுக்கும் சராசரியாக எத்தனை குழந்தைகள் வளர்ந்து ஆளாக வேண்டும்?

4. 850 மீட்டர் தொலைவில் ஒருவர் பாறையில் தட்டுகிறார். ஓசை பாறை வழியாகவும் காற்று வழியாகவும் வந்து சேர எவ்வளவு நேரமாகும்?

விடைகள்: 1. 480 கிலோ, 2 மடங்கு. 2. சுமார் 200. 3. மூன்று. 4. 0.17 நொடி, 2.5 நொடி.